ஆந்தையைக் கலைத்த காலை

1

குருவி பார்க்கப் போகிறேன் என்று திருகோணமலையில் இருக்கும் என் தங்கச்சி வசந்திக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

“ஏனக்கா, அங்க குருவிக்கும் ரிக்கற் எடுக்கோணுமோ?” என்று கேட்டாள்.

ரிக்கற் இல்லை. ஆனால் சட்டம் இருக்கிறது. கனடாவில் சட்டம் இல்லாமல் நீங்கள் ஒரு வாத்தைக்கூட நிமிர்ந்து பார்க்க முடியாது. முதல் நாளே மின்னஞ்சலில் வந்துவிட்டது: பளிச்சென்ற நிறத்தில் உடுப்பு வேண்டாம், வாசனை பூச வேண்டாம், தீனி போட வேண்டாம், சத்தமாகக் கதைக்க வேண்டாம், திடீரென்று கையைக் காலை அசைக்க வேண்டாம். இதை என் மகள் நிவேதா வாசித்து மொழிபெயர்க்க, கதிரையில் இருந்த என் கணவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்.

“கதைக்கக் கூடாதாம், கை ஆட்டக் கூடாதாம். ஆள் மாறி உன்னைக் கூப்பிட்டிட்டினமோ?”

எனக்குக் கோபம் வந்தது. ஏனென்றால் அவர் சொன்னதில் உண்மை இருந்தது. ஆனாலும் நான் போகத்தான் போகிறேன் என்று முடிவெடுத்திருந்தேன். நிவேதா கூப்பிட்டிருக்கிறாள். என் மகள் என்னை ஓரிடத்துக்குக் கூப்பிட்டு எவ்வளவோ காலம். அவள் கிணற்றுக்குள் இறங்கக் கூப்பிட்டிருந்தாலும் வாளியோடு இறங்கியிருப்பேன்.

ஊரில் இருக்கும் உங்களுக்கு இதை எழுதுவதற்குக் காரணம், அன்று காலை நான் செய்த ஒரு வேலை. எங்கள் ஊர்ப் பெண்ணைத் தவிர வேறு எவளும் அதைச் செய்திருக்க மாட்டாள்.

2

நிவேதா எங்கள் ஒரே பிள்ளை. திருகோணமலை அன்புவழிபுரத்தில் பிறந்தவள், ஆனால் அது ஒரு கடவுச்சீட்டுத் தகவலாகத்தான் அவளுக்குத் தெரியும். நடை பழகிக் கொஞ்ச நாளில் இங்கே தூக்கிக்கொண்டு வந்துவிட்டோம். இப்போது எங்களிடமிருந்து இரண்டு மணி நேர ரயில் தூரத்தில், ரயன் என்ற தன் கணவரோடு ஒரு சின்ன நகரத்தில் இருக்கிறாள். நல்ல பெடியன். என் உறைப்புக் கறியை அழுது அழுது சாப்பிடுவார்.

போன வருடம் அவளுக்கு ஒரு பிள்ளை தங்காமல் போனது. அது தங்கியிருந்ததே எனக்குத் தெரியாது. எல்லாம் முடிந்து பல வாரம் கழித்துத்தான் சொன்னாள், அதுவும் தொலைபேசியில், இங்கிலிசில், யாரோ வேறு ஒருத்திக்கு நடந்ததைச் சொல்வதுபோல. என் வாயில் வந்தது ஒரே ஒரு கேள்வி.

“சாப்பிட்டியா?”

“ஓம், அம்மா. சாப்பிட்டனான்” என்று சொல்லி வைத்துவிட்டாள். ஒரு தாயின் வாயில் வந்த ஆறுதலைப் பாருங்கள் என்று பிறகு என்னை நானே எத்தனையோ தரம் திட்டினேன்.

இப்போது மறுபடியும் பிள்ளைத்தாச்சி. இந்தத் தடவை ஐப்பசியில் சொன்னாள், நாலு மாதம் முடிந்த பிறகு. சொன்ன கையோடு இதையும் சேர்த்துச் சொன்னாள்: “நீங்கள் வந்து கஷ்டப்பட வேண்டாம், அம்மா. ரயன் லீவு எடுக்கிறார். இங்க எல்லா வசதியும் இருக்கு.”

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. தலைப்பிள்ளை என்றால் தாய்வீட்டில். அது முடியாவிட்டால் தாய் பையைத் தூக்கிக்கொண்டு மகள் வீட்டுக்கு வந்துவிடுவாள். வரட்டுமா என்று அவளும் கேட்கமாட்டாள், வாங்கோ என்று இவளும் சொல்லமாட்டாள். முப்பத்தொரு நாள் பிள்ளை பெற்றவளுக்கான சரக்குக் கறி அரைத்துக் கொடுத்து, பிள்ளையைக் குளிப்பாட்டி, மகளை ஒரு வேலையும் செய்ய விடாமல் சண்டை பிடித்துவிட்டுத்தான் திரும்புவாள். இங்கே அப்படி இல்லை. இங்கே அழைப்பு வேண்டும். என் பிள்ளையைப் பார்க்க எனக்கு அழைப்பு வேண்டும் என்பதை நான் இரண்டு மாதமாக விழுங்கப் பார்க்கிறேன், அது இறங்குகிறதில்லை. வாய் திறந்து கேட்கவும் முடியாது. கேட்டு, அவள் மறுபடியும் வேண்டாம் என்றால் அந்தச் சொல்லை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

இப்படி இருக்கும்போதுதான் பொங்கலுக்கு நாங்கள் அவள் வீட்டுக்குப் போனோம். பொங்கிய புக்கையைத் தின்றுகொண்டிருந்தவள் சாதாரணமாகக் கேட்டாள்.

“சனிக்கிழமை விடிய நான் குருவி பாக்கப் போறனான். நீங்களும் வாறீங்களே?”

3

அந்தக் குளிரை உங்களுக்கு எப்படிச் சொல்வது? மூக்குக்குள் இருக்கும் மயிர் விறைத்து நிற்பதை உணர்ந்திருக்கிறீர்களா? அதுதான். நான் ரயனின் பழைய சாம்பல் நிறக் கோட்டைப் போட்டுக்கொண்டேன், என்னுடையது நல்ல சிவப்பு என்பதால் தகுதி இழந்துவிட்டது. நெற்றியில் தைலம் பூசியிருந்ததை நிவேதா காருக்குள் மணந்து பிடித்துவிட்டாள். ஈரத் துணியால் துடைத்தாள். சின்ன வயதில் அவள் முகத்தை நான் எப்படி அழுத்தித் துடைப்பேனோ அப்படியே துடைத்தாள்.

அன்று போகவிருந்த இரண்டு பூங்காக்களில் முதலாவது ஏரிக்கரையில் இருந்தது. கரையோரம் தண்ணீர் உறைந்து, அப்பால் கறுப்பாக அலைந்துகொண்டிருந்தது. அங்கே ஏற்கெனவே ஒரு சின்னக் கூட்டம் நின்றது. எல்லோரும் கழுத்தில் தொலைநோக்கி மாட்டி, ஒருவரோடு ஒருவர் கதைக்காமல், செத்த வீட்டுக்கு வந்தவர்கள்போல நின்றார்கள். அவர்களுக்குத் தலைவி ஹெலன் என்ற வயதான பெண். என் கையைப் பிடித்து, நீங்கள் வந்தது சந்தோஷம் என்று காதுக்குள் சொன்னார். நானும் காதுக்குள் சொன்னேன். நான் காதுக்குள் சொன்னதில் சத்தம் கொஞ்சம் கூடிவிட்டதால் இரண்டு வாத்துகள் தள்ளிப் போயின.

நிவேதா தன் தொலைநோக்கியை என் கண்ணில் வைத்துப் பிடித்தாள்.

“அந்த நீள வால் வாத்தைப் பாருங்கோ. அந்தச் சாதி ஊருக்கும் வாறதாம், அம்மா. திருகோணமலைக் குளங்களுக்கு.”

“இதேயா?”

“இதே இல்லை. அங்க வாறது வேற பக்கத்தால. ஆனா அந்த இனம்தான்.”

இங்கே எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் வாத்தை அகதியாக்கி, விசா இல்லாமல் பறக்கவிட்டு, ஒரு கண்ணீர்த் துளியோடு பத்தியை முடிப்பார்கள். நான் அப்படிச் செய்யமாட்டேன். வாத்து குளிருக்குப் பயந்து போகிறது, குளிர் முடியத் திரும்பி வருகிறது. நாங்கள் அப்படியா வந்தோம்? எனக்கு அந்த நேரம் நினைவுக்கு வந்தது துறைமுகத்தடி மீன் சந்தைதான். மார்கழி தையில் வெள்ளைக் கடற்புள்ளுகள் கூட்டமாக வந்து இறங்கி, வள்ளத்தில் வரும் சூடை மீனுக்குச் சண்டை பிடிக்கும். நாங்கள் அவற்றின் பெயரைக்கூடக் கேட்டதில்லை. புள்ளுக்கு மிஞ்சின மீன் மலிவா என்றுதான் கேட்டிருக்கிறோம்.

நான் இதைச் சொன்னதும் நிவேதா சிரித்தாள். சத்தமில்லாமல், தோள் குலுங்கச் சிரித்தாள். பிறகு, ஏரியைப் பார்த்தபடியே, நான் கேட்காத ஒன்றுக்குப் பதில் சொன்னாள்.

“போன வருஷம் நித்திரை வராது, அம்மா. விடிய எழும்பி இங்க வந்து நிப்பன். இந்த ஆக்களும் வருவினம். ஏன் நிக்கிறாய் எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. கையில இதைத் தந்திட்டு, அங்க பார் எண்டு காட்டிச்சினம். அவ்வளவுதான்.”

என் பிள்ளை விடியப்புறத்தில் தனியாக வந்து அழுத இடத்தில் நிற்கிறேன். அவளோடு நின்றவர்கள் இவர்கள், நானில்லை. இந்த மனிதர்கள்மேல் எனக்குப் பெரிய நன்றியும் அதே அளவு பொறாமையும் வந்தன.

4

இரண்டாவது பூங்கா கொஞ்சம் உள்ளே, பைன் மரங்கள் அடர்ந்த இடம். அங்கே போகும் வழியில்தான் கூட்டத்தில் ஒரு பரபரப்பைக் கண்டேன். தாடி வைத்த ஒருவர் இதற்காகவே வெகுதூரத்திலிருந்து இருட்டோடு வண்டி ஓட்டி வந்திருந்தாராம். என்னவென்று நிவேதாவிடம் கேட்டேன்.

“Owl, அம்மா. பகலில காணுறது வலு கஷ்டம்.”

என் கால் நின்றுவிட்டது. இவ்வளவு நேரமும் அழகான வாத்துக் காட்டியவர்கள், ஒரு பிள்ளைத்தாச்சியை விடியற்காலையில் ஆந்தை முகத்தில் முழிக்கக் கூட்டிப் போகிறார்கள்.

நீங்கள் சிரிக்கலாம். எனக்கும் படிப்பு இருக்கிறது, ஆந்தை எலி பிடிக்கும் ஒரு பறவை என்பது எனக்கும் தெரியும். ஆனால் நிவேதா வயிற்றில் இருந்த காலத்தில், எங்கள் அன்புவழிபுரத்து வீட்டு வளவு முருங்கையில் ஓர் ஆந்தை வந்து குந்தத் தொடங்கியது. மூதூரிலிருந்து தயிர்ச்சட்டியோடு வரும் முஸ்லிம் வியாபாரி நானாதான் முதலில் கண்டார்.

“புள்ளத்தாச்சி இருக்கிற ஊடு. அத அங்க குந்த உடாதீங்க” என்று என் அம்மாவிடம் சொன்னார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு பின்னேரமும் அம்மா பால்மாத் தகரப் பேணியும் கரண்டியுமாக முருங்கையடியில் நின்று தட்டினார். ஊரடங்குக் காலம். ஒருநாள் சத்தம் கேட்டுக் காவலரணில் இருந்து ஓர் ஆமிக்காரன் துவக்கோடு வந்துவிட்டான். அம்மாவுக்குத் தெரிந்த சிங்களம் சந்தைச் சிங்களம். மரத்தைக் காட்டி, ஆந்தைக்குச் சிங்களத்தில் “பகமூணா, பகமூணா” என்றார், பிறகு என் வயிற்றைக் காட்டினார். அவன் என்னைப் பார்த்தான், மரத்தைப் பார்த்தான், குனிந்து ஒரு கல்லை எடுத்து ஆந்தைக்கு எறிந்துவிட்டுப் போனான். அடுத்த நாள் காலை அதே காவலரணில் எங்கள் தெருவை வரிசையில் நிறுத்தி அடையாள அட்டை பார்த்தார்கள். அந்த நாட்களில் எங்களைப் பிடித்து ஆட்டிய பயங்கள் எத்தனையோ. அவற்றில் ஆந்தை ஒன்றைத்தான் அம்மாவால் கலைக்க முடிந்தது, அதனால் அதைக் கலைத்தார்.

பைன் மரத்தடியில் ஹெலன் விரலைத் தூக்கிக் காட்டினார். முதலில் எனக்கு மரப்பட்டைதான் தெரிந்தது. பிறகு பட்டைக்கு இரண்டு காது முளைத்தது. தாடிக்காரர் மூச்சை உள்ளே இழுத்து அப்படியே நின்றார். கண்ணை மூடியிருந்த ஆந்தை மெல்லத் திறந்தது. மஞ்சள் கண். அந்தக் கண் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, என் மகளில் வந்து நின்றது. சத்தியமாக நின்றது.

நான் கைதட்டினேன்.

“சூ! போ! போ அங்கால!”

கைதட்டினேன் என்று சொன்னால் போதாது. கம்பளிக் கையுறையோடு தட்டினால் சத்தம் வராது என்று, இரண்டையும் கழற்றி நிலத்தில் எறிந்துவிட்டுத் தட்டினேன். ஆந்தை ஒரு சத்தமும் இல்லாமல் சிறகு விரித்து, எங்கள் தலைகளுக்கு மேலால் பறந்து, காட்டுக்குள் போய் மறைந்தது.

5

இந்த நாட்டு மனிதர்கள் கோபம் வந்தால் ஏசமாட்டார்கள், அதுதான் பெரிய தண்டனை. தாடிக்காரர் வெறும் மரக்கொப்பைப் பார்த்துக்கொண்டே நின்றார். நிவேதா குனிந்து என் கையுறைகளை எடுத்து, என் முழங்கையில் பிடித்து, கொஞ்சம் தள்ளி அழைத்துப் போனாள். அவள் முகம் சிவந்திருந்தது.

“என்ன வேலை செய்தனீங்கள், அம்மா? அந்த மனுசன் இதுக்கெண்டே வந்தவர்.”

“அது உன்னைத்தான் பாத்தது.”

“அது எல்லாரையும்தான் பாத்தது!”

“உனக்குத் தெரியாது, பிள்ளை. ஊரில உன்னைச் சுமக்கேக்க அம்மம்மா...”

“அம்மா.” அவள் குரல் திடீரென்று இறங்கிவிட்டது. “போன முறை ஒரு ஆந்தையும் வரேல்லை. நான் ஒண்டையும் பாக்கேல்லை. எல்லாம் நல்லாத்தான் இருந்தது. எனக்கு ஒண்டும் வந்து சொல்லேல்லை, அப்படியே போயிட்டுது.”

சரி, மன்னித்துக்கொள் என்று சொல்லியிருக்கலாம். தலையைத் தடவியிருக்கலாம். என் வாயில் வந்தது வேறு.

“எனக்கும் ஒருத்தரும் சொல்லேல்லை, நிவி.”

சொன்ன பிறகுதான் இவ்வளவு நாளும் அது எனக்குள் இருந்ததை அறிந்தேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கண் நிறைந்து, குளிரில் அது கன்னத்தில் வழியும் முன்பே இரண்டு பேரும் துடைத்துக்கொண்டோம். அவள் என் விரல்களை ஒவ்வொன்றாகக் கையுறைக்குள் விட்டாள்.

ஹெலன் எங்களிடம் வந்தார். உங்கள் அம்மா பயந்துவிட்டாரா, அவருக்குச் சுகமா என்று கேட்டார். அந்தப் பண்பு என்னை இன்னும் கூச வைத்தது. நிவேதா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, இங்கிலிசில், கூட்டம் முழுவதற்கும் கேட்கச் சொன்னாள். எங்கள் ஊரில் ஆந்தையைக் கண்டால் கலைப்பார்கள், அதுவும் பிள்ளைத்தாச்சி ஒருத்தி பக்கத்தில் இருந்தால் கட்டாயம் கலைப்பார்கள், அம்மா என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தார் என்றாள்.

சொல்லி முடித்த பிறகு, தான் எதைச் சொல்லிவிட்டோம் என்பது அவளுக்கே உறைத்தது. அவள் பிள்ளைத்தாச்சி என்று அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் தெரியாது. பெரிய கோட்டுக்குள் ஆறு மாதத்தை ஒளித்துக்கொண்டு, ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர்களோடு நடந்திருக்கிறாள். வாயில் கையை வைத்தபடி நின்றாள்.

யாரும் ஆரவாரம் செய்யவில்லை, அவர்கள் அப்படிப்பட்டவர்கள் இல்லை. ஹெலன் இரண்டு கைகளாலும் அவள் முகத்தைப் பிடித்தார், அவ்வளவுதான். தாடிக்காரர்தான் முதலில் அசைந்தார். முதுகுப்பையிலிருந்து ஒரு மடக்குக் கதிரையை எடுத்தார், பனியைக் காலால் விலக்கினார், கதிரையை விரித்து, ஆடாமல் இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தார். பிறகு நிவேதாவைக் கையால் கூப்பிட்டு அதில் இருக்கச் சொன்னார். நான் அவரிடம் என் இங்கிலிசில் மன்னிப்புக் கேட்டேன். ஆந்தை நாளைக்கும் வரும், அம்மா, என்றார். அவர் என்ன சொல் சொன்னாரோ, எனக்கு அது அம்மா என்றுதான் கேட்டது.

6

திரும்பும்போது காருக்குள் சூடு ஏற நேரம் எடுத்தது. நிவேதா வண்டியை எடுக்காமல், கைகளைச் சூட்டுக் காற்றுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு இருந்தாள்.

“நான் இன்னும் ஒரு சாமானும் வாங்கேல்லை, அம்மா. ஒரு சட்டை கூட இல்லை.”

“நல்லது. பிறக்க முந்தி ஒண்டும் வாங்கக் கூடாது. அது எங்கட வழக்கம்.”

“நான் வழக்கத்துக்காக இல்லை. கடைக்குப் போனனான். சின்னச் சப்பாத்தொண்டைக் கையில எடுத்தனான், பிறகு பயத்தில வைச்சிட்டு வந்திட்டன்.”

எனக்கு அப்போது ஒரு விஷயம் விளங்கியது, இத்தனை வயதில்.

“எங்கட ஆக்களும் பயத்திலதான் ஒண்டும் வாங்கிறேல்லை” என்றேன். “எத்தினை பிள்ளையளை இழந்த சனம். பயத்துக்குத்தான் வழக்கம் எண்டு பேர் வைச்சிருக்கு.”

அவள் அதை யோசித்தாள். அவளுடைய முகத்தில் என் அம்மாவின் சாயல் கொஞ்சம் உண்டு, யோசிக்கும்போது மட்டும் அது தெரியும். நான் வெளியே பார்த்தேன். இந்த நேரத்தில் ஏதாவது கேட்டுக் கெடுத்துவிடக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு பார்த்தேன். கண்ணாடி முழுவதும் எங்கள் மூச்சுத்தான் படிந்திருந்தது, வெளியே பார்க்க ஒன்றும் இல்லை.

“அம்மா, பங்குனிக் கடைசியில வந்து நிக்க ஏலுமே? ஒரு மாசம் மாதிரி.”

நான் திரும்பவில்லை.

“ரயன் இருக்கிறார் எண்டாய்?”

“ரயன் இருப்பார். எனக்கு நீங்களும் வேணும்.”

நான் ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் வேலை செய்கிறேன். அங்கே லீவு வாங்குவது கல்லில் நார் உரிக்கிற வேலை. அதை அவளும் அறிவாள். ஆகவே கொஞ்சம் கனைத்து, குரலைச் சரிசெய்துகொண்டு சொன்னேன்.

“தருவாங்களோ தெரியேல்லை, பிள்ளை. திங்கட்கிழமை போய்க் கேட்டுப் பாக்கிறன்.”

“கட்டாயம் கேளுங்கோ” என்று சொல்லி வண்டியை எடுத்தாள்.

உண்மை என்னவென்றால், ஐப்பசியில் அவள் வர வேண்டாம் என்று சொன்ன மறுநாள் காலையே நான் மேற்பார்வையாளரிடம் போய், அழாக்குறையாகக் கெஞ்சி, பங்குனிக் கடைசியிலிருந்து ஒரு மாத லீவை வாங்கி வைத்துவிட்டேன். இதை அவளுக்கு இன்னும் சொல்லவில்லை, சொல்லப் போவதும் இல்லை. என் மகளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்று எத்தனையோ தரம் கவலைப்பட்டிருக்கிறேன். இன்றைக்கு இதை எழுதும்போது மட்டும், அது நல்லதாய்ப் போயிற்று என்று இருக்கிறது.